வாங்கியவர் ஒருவர், வட்டி கட்டுவது இன்னொருவர்: மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களின் கோபம் எங்கிருந்து வருகிறது?

2010 மார்ச் 10 இரவு. இங்கிலாந்தின் ஃபுட்பால் கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில், ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் ஒன்று முடிந்திருந்தது. யுனைடெட் 4-0 என்று இத்தாலியின் ஏசி மிலானைப் புரட்டி எடுத்திருந்தது. மிலானுக்காக ஆட வந்தவர்களில் ஒருவர் டேவிட் பெக்காம். யுனைடெட்டில் வளர்ந்து ஆளானவர். கை தட்டிக்கொண்டே வெளியேறிய அவர், கூட்டத்திலிருந்து வந்து விழுந்த ஒரு ஸ்கார்ஃபை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். யுனைடெட்டின் சிவப்பு ஸ்கார்ஃப் இல்லை அது. பச்சையும் பொன்மஞ்சளும் கலந்தது.

அந்த இரண்டு நிறங்களுக்கும் பின்னால் ஒரு கதை உண்டு. 1878இல் மான்செஸ்டரின் ரயில்வே பணிமனைத் தொழிலாளர்கள் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் ஓர் அணியைத் தொடங்கினார்கள். 1902இல்தான் அது மான்செஸ்டர் யுனைடெட் ஆனது. பச்சையும் மஞ்சளும் அந்தப் பழைய அணியின் நிறங்கள். 2010இல் கிளப்பின் முதலாளிகளான கிளேசர் குடும்பத்தை எதிர்த்தவர்கள் அதே நிறங்களை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள். கிளப் கடையில் விற்கும் சிவப்பு ஸ்கார்ஃபை வாங்கினால் அந்தக் காசும் முதலாளியின் கணக்குக்குத்தானே போகும்? கிளப் நிர்வாகம் தன் வேலை இல்லை என்று பெக்காம் பிறகு ஒதுங்கிக்கொண்டார். ஆனால் அதற்குள் அந்தப் படம் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அது தோற்ற ராத்திரி இல்லை, நாலு கோல் போட்டு ஜெயித்த ராத்திரி. அரங்கம் முழுக்க அந்தப் பச்சை மஞ்சள் தெரிந்தது.

நம் ஊரில் நடுராத்திரி கண்விழித்து இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக் பார்க்கிற கூட்டம் சின்னதில்லை. யுனைடெட் ரசிகர்களின் போராட்டம் பற்றிப் பேச்சு வந்தால் அந்தக் கூட்டத்தில் உடனே மூன்று பதில்கள் விழும். "டீம் தோக்குது, அதான் கத்துறாங்க." "ஓனர் காசு செலவு பண்றதில்ல." "ஓனர் அமெரிக்காக்காரன், அதான் பிடிக்கல." மூன்றும் தவறு, அல்லது பெரும்பகுதி தவறு. உண்மையான காரணம் ஒரு கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அது புரிவதற்குப் பொருளாதாரப் படிப்பு வேண்டாம். ஒரு சாப்பாட்டு மெஸ் போதும்.

ஒரு மெஸ் கை மாறிய கதை

நாற்பது வருடமாக நடக்கிற ஒரு மெஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். கடன் கிடையாது. தினமும் கூட்டம். வருகிற லாபத்தில் முதலாளி பாத்திரம் மாற்றுவார், கூரை வேய்வார், நல்ல மாஸ்டருக்குச் சம்பளம் கூட்டிக் கொடுப்பார். ஒருநாள் வெளியூர்க்காரர் ஒருவர் ஒரு கோடி ரூபாய்க்கு மெஸ்ஸை விலை பேசுகிறார். அவர் கையில் இருப்பது 35 லட்சம். மீதி 65 லட்சத்தைக் கடனாக வாங்குகிறார்.

இதுவரை தவறு ஒன்றும் இல்லை. கடன் வாங்கித்தானே நாமும் வீடு வாங்குகிறோம்? ஆனால் வீட்டுக் கடன் நம் பெயரில் இருக்கிறது, நம் சம்பளத்தில் தவணை போகிறது. இங்கே அந்த 65 லட்சத்தை மெஸ்ஸின் பெயரிலேயே எழுதிவிடுகிறார்கள். ஈடாக வைத்ததும் மெஸ்தான், தவணை கட்டப்போவதும் மெஸ்தான். நேற்று வரை ஒரு ரூபாய் கடன் இல்லாத மெஸ், ஆள் மாறிய ஒரே காரணத்தால் இன்று 65 லட்சம் கடனாளி. அந்தப் பணத்தில் ஒரு கிரைண்டர்கூட உள்ளே வரவில்லை. அத்தனையும் பழைய முதலாளியின் கைக்குப் போய்விட்டது.

அப்புறம் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சாப்பாட்டு விலை ஏறும். ஒழுகுகிற கூரையை "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார்கள். தினம் வந்து சாப்பிடுகிறவர்தான், தனக்குத் தெரியாமலே, புது முதலாளி தன் மெஸ்ஸை வாங்கிய கடனை அடைத்துக்கொண்டிருப்பார்.

இதற்கு வியாபார உலகில் லெவரேஜ்டு பைஅவுட் என்று பெயர். ஒரு நிறுவனத்தைக் கடன் வாங்கி வாங்குவது, அந்தக் கடனை அந்த நிறுவனத்தின் தலையிலேயே கட்டுவது. இனிமேல் இதைக் 'கடன்வழி வாங்கல்' என்று சொல்கிறேன்.

"லாரியைக் கடனில் வாங்கி, லாரி ஓட்டித்தானே கடனை அடைக்கிறார்கள், அது மட்டும் என்ன?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. லாரிக் கடன் வாங்கியவர் பெயரில் இருக்கிறது. வண்டி ஓடாவிட்டால் அவர் வண்டி போகும், அவ்வளவுதான். அந்த லாரியை மூன்று தலைமுறையாகத் தன் குடும்பத்தில் ஒன்றாக நினைத்து, வருடா வருடம் முன்பணம் கட்டி வந்த ஆயிரக்கணக்கான பேர் வேறு யாரும் அங்கே இல்லை. ஃபுட்பால் கிளப்பில் இருக்கிறார்கள்.

2005இல் நடந்தது

1991இலிருந்து மான்செஸ்டர் யுனைடெட் லண்டன் பங்குச் சந்தையில் இருந்தது. பங்குச் சந்தையில் இருக்கிற நிறுவனத்தை யார் வேண்டுமானாலும் துண்டு துண்டாக வாங்கலாம். 1998இல் ஸ்கை தொலைக்காட்சி நிறுவனம் மொத்தமாக வாங்கப் பார்த்தது. ரசிகர்கள் எதிர்த்தார்கள், 1999இல் பிரிட்டிஷ் அரசு அதைத் தடுத்தது. அந்த வெற்றியிலிருந்துதான் ரசிகர்களே பங்கு வாங்கிச் சேர்த்துக் கிளப்பைக் காப்போம் என்ற எண்ணம் வலுத்தது. சில நூறு பவுண்டு மதிப்புள்ள பங்குகளைச் சாதாரணக் குடும்பங்கள் பத்திரமாக வைத்திருந்தன.

டாம்பா பே பக்கனீர்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் முதலாளி மால்கம் கிளேசர் 2003இலிருந்து பங்குகளைச் சேர்க்க ஆரம்பித்தார். 2005 மே மாதம், அயர்லாந்துக்காரர்களான மேக்மானஸ், மேக்னியர் இருவரிடமும் இருந்த 28 சதவீதத்துக்கும் மேலான பங்குகள் அவர் கைக்கு வந்தன. அதோடு ஆட்டம் முடிந்தது. கிளப்பின் மொத்த மதிப்பு 79 கோடி பவுண்டு என்று கணக்கிடப்பட்டது. அதில் 50 கோடிக்கும் மேல் கடன். மெஸ் கதையில் சொன்ன அதே விகிதம்தான். கடன் இல்லாமல் இருந்த கிளப், சில வாரங்களில் இங்கிலாந்திலேயே பெரிய கடன் சுமக்கும் கிளப்புகளில் ஒன்றாகிவிட்டது.

அந்த ஜூன் மாதக் கடைசியில் கிளேசரின் மகன்கள் மூன்று பேர் ஓல்ட் டிராஃபோர்டைப் பார்க்க வந்தார்கள். வெளியே திரண்ட கூட்டத்தைத் தாண்டி அவர்களைப் போலீஸ் வேனில் ஏற்றித்தான் வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது. தங்கள் சொத்து என்று அவர்கள் வாங்கிய இடத்தை முதல்முறை பார்க்க வந்த நாள் அது.

வட்டி குட்டி போட்டபோது

கடனில் ஒரு பகுதி கிளப்பின் சொத்துகளை ஈடாக வைத்து வாங்கியது. இன்னொரு பகுதி ரொம்பவும் கடுமையானது. வட்டியை அவ்வப்போது கையில் கட்ட வேண்டாம், அசலோடு சேர்த்துவிடலாம், கடைசியில் மொத்தமாகத் தீர்க்கலாம் என்ற ஏற்பாடு. கேட்க வசதியாக இருக்கும். ஆனால் வட்டிக்கு வட்டி ஏறும். நம் ஊரில் 'வட்டி குட்டி போடுகிறது' என்பார்களே, அதேதான். இந்தப் பகுதிக் கடனின் வட்டி ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 14.25 சதவீதம், 2010இல் 16.25 சதவீதம்.

2010 தொடக்கத்தில் எல்லாக் கடனையும் கூட்டினால் 70 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. வாங்கிய கடன் ஐந்து வருடத்தில் குறையவில்லை, வளர்ந்திருக்கிறது. அந்த ஜனவரியில் பழைய வங்கிக் கடனை அடைக்க ஏறத்தாழ 50 கோடி பவுண்டுக்குக் கிளப் பாண்ட் வெளியிட்டது. பாண்ட் என்றால் பொதுவெளியில் பலரிடம் எழுதிக்கொடுத்து வாங்கும் கடன் பத்திரம். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். அந்தப் பத்திரங்களை விற்பதற்காக வெளியிட்ட ஆவணத்தில்தான் கிளப்பின் கணக்கு வழக்கு ரசிகர்கள் கண்ணில் விவரமாகப் பட்டது. பச்சை மஞ்சள் ஸ்கார்ஃப் அந்த மாதத்தில்தான் பரவ ஆரம்பித்தது. பெக்காம் கழுத்துக்கு வந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து.

அதற்கு முந்தைய ஆண்டில் கிறிஸ்டியானோ ரொனால்டோவை ரியல் மாட்ரிட்டுக்கு 8 கோடி பவுண்டுக்கு விற்றிருந்தார்கள். அந்த ஆண்டு கிளப் கட்டிய வட்டி மட்டும் 4 கோடி பவுண்டுக்கு மேல். ரொனால்டோ விற்ற காசு இல்லையென்றால் அந்த ஆண்டுக் கணக்கு நஷ்டத்தில் முடிந்திருக்கும். ரொனால்டோவே போக விரும்பினார் என்பது உண்மைதான். ஆனால் உலகின் சிறந்த வீரர் போய் வந்த காசில் பெரும்பகுதி அடுத்த வீரராகத் திரும்பி வரவில்லையே என்று ஒரு ரசிகர் கேட்டால், பதில் சொல்வது கஷ்டம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: கிளப்பை வாங்க ஆன கடனைக் கிளப்பே சுமக்கிறது. அந்தக் கடனால் கிளப்புக்குப் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. வட்டி மட்டும் ஒவ்வோர் ஆண்டும் வெளியே போகிறது.

எல்லாக் கடனும் ஒன்றில்லை

"கடன் இல்லாத கிளப் எது?" என்பது அடுத்து வரும் வாதம். அதே காலத்து ஆர்சனலைப் பாருங்கள். அவர்களும் பெரிய கடன் வாங்கினார்கள். 2006இல் எமிரேட்ஸ் அரங்கம் திறந்தது, 60,000 பேர் உட்காரலாம், கட்டி முடிக்க 39 கோடி பவுண்டு ஆனது. அந்தக் கடனை அடைக்க ஆர்சனல் பல வருடம் நல்ல நல்ல வீரர்களை விற்றது, ரசிகர்கள் நொந்து போனார்கள். ஆனாலும் கடன் தீரத் தீர அரங்கம் மிஞ்சியது. அது ஆர்சனலுக்குச் சொந்தம், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சம்பாதித்துக் கொடுக்கிறது.

யுனைடெட்டின் 50 கோடி பவுண்டில் மிஞ்சியது என்ன? பங்குப் பத்திரத்தில் பெயர் மாறியது. இந்த இரண்டு கடனையும் ஒரே தட்டில் வைத்துப் பேசும்போதுதான் பேச்சு தடம் மாறிப்போகிறது.

காசு வெளியே போகும் மற்ற வாசல்கள்

2012 ஆகஸ்டில் கிளப்பின் ஒரு பகுதிப் பங்குகள் நியூயார்க் பங்குச் சந்தையில் விற்பனைக்கு வந்தன, ஒன்று 14 டாலர் விலையில். சரி, இந்தக் காசில் கடன் தீரும் என்று ரசிகர்கள் எதிர்பார்த்தார்கள். திரண்ட 23 கோடி டாலருக்கும் அதிகமான தொகையில் ஏறத்தாழ பாதிதான் கிளப்புக்கு வந்தது. மறுபாதி கிளேசர் குடும்பத்துக்கு.

அதோடு பங்குகளை இரண்டு வகையாகப் பிரித்துவிட்டார்கள். பொதுமக்கள் வாங்கும் பங்குக்கு ஓர் ஓட்டு. குடும்பத்திடம் இருக்கும் பங்குக்குப் பத்து ஓட்டு. ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கலாம், ஆனால் ஒரு வீட்டுக்காரர் கை தூக்கினால் பத்துக் கை என்று எண்ணப்படும். ரசிகர்கள் பணம் சேர்த்துப் பங்கு வாங்கிக் கிளப்பில் ஒரு சொல் சொல்லலாம் என்ற பழைய கனவு அதோடு போயிற்று.

பிறகு டிவிடெண்ட். லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் தொகை அது. 2022 வரை பல ஆண்டுகள், ஆண்டுக்குச் சுமார் 2 கோடி பவுண்டு இப்படிப் போனது. பெரும்பங்கு குடும்பத்துக்கு. பிரீமியர் லீக்கில் பெரும்பாலான முதலாளிகள் கிளப்புக்குள் காசு போடுகிறவர்கள். இங்கே ஓட்டம் எதிர்த் திசையில். வட்டி, கட்டணங்கள், டிவிடெண்ட் எல்லாவற்றையும் கூட்டினால் 2005இலிருந்து வெளியே போனது 100 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது என்பது ஆங்கிலப் பத்திரிகைகள் பலமுறை போட்டுக் காட்டிய கணக்கு.

"ஆனால் வீரர்களுக்குக் கொட்டிக் கொடுத்தார்களே?"

கொடுத்தார்கள். மறுக்க முடியாது. 2016இல் போக்பாவை வாங்க 8.9 கோடி பவுண்டு, அப்போதைய உலக சாதனை. அதற்குப் பிறகும் பெரிய விலைகள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கிளேசர்கள் வந்தபோது இருந்ததைப் போலக் கிளப்பின் ஆண்டு வருமானம் நான்கு மடங்குக்குப் பக்கத்தில் ஏறியிருக்கிறது. 2023-24இல் 66 கோடி பவுண்டு. விளம்பர ஒப்பந்தங்களைத் தேடிப் பிடிப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். தொலைக்காட்சிப் பணம் எல்லாக் கிளப்புக்கும்தான் ஏறியது என்றாலும், இதை அவர்கள் பக்கத்து நியாயமாக ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அந்தச் செலவு அவர்கள் பையிலிருந்து வந்ததில்லை. கிளப் சம்பாதித்த காசு அது. டிக்கெட் வாங்கியவர், ஜெர்சி வாங்கியவர், நம்மைப் போல டிவிக்குச் சந்தா கட்டியவர் கொடுத்த காசு. மெஸ் முதலாளி மெஸ் கல்லாவிலிருந்து எடுத்து அரிசி வாங்கினால் அதை யாரும் தானம் என்று சொல்வதில்லை.

தோற்பதால் வந்த கோபம் என்பதும் நிற்காது. 2005க்கும் 2013க்கும் நடுவில் அணியின் மேலாளர் அலெக்ஸ் பெர்குசன் ஐந்து பிரீமியர் லீக் பட்டங்கள் ஜெயித்தார், 2008இல் சாம்பியன்ஸ் லீக். எதிர்ப்பு பிறந்ததும் பச்சை மஞ்சள் அரங்கை நிறைத்ததும் இந்தப் பொற்காலத்தில்தான். என் கணிப்பில், பெர்குசன் என்ற ஒரு மனிதர் அந்தக் கடனை ஏழெட்டு வருடம் மறைத்துப் பிடித்திருந்தார். 2013 மே மாதம் அவர் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு பிரீமியர் லீக் பட்டம் வரவில்லை. 2024-25இல் பதினைந்தாம் இடம். தோல்வி கோபத்தை உண்டாக்கவில்லை, ஏற்கனவே இருந்த கோபத்துக்குப் புதிதாக ஆட்களைச் சேர்த்தது.

கூரை

2024 மே 12. ஆர்சனலுடன் ஆட்டம், யுனைடெட் 0-1 என்று தோற்றது. ஆட்டம் முடிகிற நேரத்தில் மான்செஸ்டரில் கொட்டோ கொட்டென்று மழை. அரங்கத்தின் ஒரு மூலையில் கூரையிலிருந்து தண்ணீர் அருவியாக இறங்கி, கீழே இருக்கைகள் மேல் விழுந்தது. ரசிகர்கள் செல்ஃபோனில் எடுத்த அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. சொட்டு இல்லை, ஒழுக்கு இல்லை, குற்றாலத்தில் சீசன் சமயத்தில் விழுகிற மாதிரி கனமாக, விடாமல் விழுந்தது. உலகின் பணக்கார கிளப்புகளில் ஒன்றின் வீடு அது.

ஓல்ட் டிராஃபோர்டு 1910இல் திறந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து நொறுங்கி மறுபடி எழுந்தது. 2006க்குப் பிறகு அங்கே பெரிய விரிவாக்கம் எதுவும் இல்லை. 2028 ஐரோப்பியக் கோப்பை பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடக்கப்போகிறது. மான்செஸ்டரில் அதற்குத் தேர்வானது அதே ஊரின் எதிரிக் கிளப்பான மான்செஸ்டர் சிட்டியின் அரங்கம், யுனைடெட்டுடையது இல்லை. இங்கிலாந்திலேயே பெரிய கிளப் அரங்கம் பட்டியலில் இல்லை என்பது அந்த ஊர்க்காரர்களுக்கு எவ்வளவு சுட்டிருக்கும்!

மெஸ் கதையில் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்ட கூரை ஞாபகம் இருக்கிறதா? வட்டிக்குப் போன காசெல்லாம் கூரைக்குத்தான் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் எது முதலில், எது அப்புறம் என்ற வரிசை அந்த இருபது வருடத்தில் எப்படி இருந்தது என்பதை அந்தத் தண்ணீர் காட்டிக்கொடுத்தது.

மெஸ்ஸை மாற்றலாம், குலதெய்வத்தை?

"பிடிக்கவில்லை என்றால் போகாதே, டிக்கெட் வாங்காதே" என்று சொல்வது சுலபம். சாம்பார் பிடிக்கவில்லை என்றால் நாம் எதிர் மெஸ்ஸுக்குப் போய்விடுவோம். வியாபாரத்தில் வாடிக்கையாளருக்கு இருக்கிற ஒரே பலம் அதுதான். ஃபுட்பால் ரசிகரிடம் அந்தப் பலம் இல்லை. யுனைடெட் சரியில்லை என்று அடுத்த வாரம் அவர் மான்செஸ்டர் சிட்டிக்கோ லிவர்பூலுக்கோ போகப்போவதில்லை. மெஸ் உவமை இந்த இடத்தில் உதவாது. குலதெய்வக் கோயிலை வைத்துத்தான் யோசிக்க வேண்டும். கோயில் நிர்வாகம் சரியில்லை என்பதற்காக யாரும் குலதெய்வத்தை மாற்றிக்கொள்வதில்லை. தர்மகர்த்தாவைத்தான் மாற்றச் சொல்வார்கள்.

1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக்கில் அணியின் விமானம் ஓடுபாதையில் விபத்துக்குள்ளாகி 23 பேர் இறந்தார்கள். அதில் எட்டுப் பேர் யுனைடெட் வீரர்கள். இன்றும் ஒவ்வொரு பிப்ரவரியிலும் அரங்கத்துக்கு வெளியே கூடி நினைவுகூருகிறார்கள். அந்தக் கூட்டத்தில் நிற்கிறவர் தன்னை வாடிக்கையாளர் என்று நினைத்துக்கொண்டு நிற்பதில்லை. சட்டம் கிளப்பைக் கம்பெனியாகப் பார்க்கிறது, அவர் அதை ஊர்ச்சொத்தாகப் பார்க்கிறார். பிரச்சினையின் ஆணிவேர் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

கடனாளி முதலாளிக்கு இந்தப் பக்தி மிகவும் வசதி. விலை ஏற்றினாலும் ஆள் போகமாட்டார். சீசன் டிக்கெட் வைத்திருப்பவர், விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சொந்த மைதானத்தில் நடக்கும் கோப்பை ஆட்டங்களின் டிக்கெட்டுகளையும் வாங்கியே ஆக வேண்டும் என்ற விதியெல்லாம் கிளேசர் காலத்தில் வந்தது.

ஒரு சிலர் மட்டும் உண்மையிலேயே வெளியேறினார்கள். 2005இலேயே எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று சொந்தமாக ஒரு கிளப் தொடங்கினார்கள். எவ்வளவு பணம் போட்டாலும் ஓர் உறுப்பினருக்கு ஓர் ஓட்டு. இங்கிலாந்து லீக் அடுக்கில் பத்தாவது தட்டிலிருந்து ஆரம்பம். வேறு கிளப்பின் மைதானத்தில் வாடகைக்கு ஆடி, ரசிகர்களிடமே பணம் திரட்டி, 2015இல் மோஸ்டன் பகுதியில் பிராட்ஹர்ஸ்ட் பார்க் என்ற தங்கள் சொந்த அரங்கைத் திறந்தார்கள். திறப்பு ஆட்டத்துக்கு போர்ச்சுகலின் பென்ஃபிகா அணி வந்தது. தந்தை ஓல்ட் டிராஃபோர்டுக்கும் மகன் எஃப்சி யுனைடெட்டுக்கும் என்று குடும்பங்களே பிரிந்த காலம் அது.

இந்தப் பகுதியை இரண்டு வரியில் சொன்னால்: ரசிகர் கிளப்பை விட்டுப் போக முடியாதவர். அதனால்தான் அவருக்குப் பேச்சும் ஊர்வலமும் மட்டுமே ஆயுதம்.

அமெரிக்கர் என்பதாலா?

இன்னொரு பெரிய ஆங்கிலக் கிளப்பான லிவர்பூலின் கதையைப் பார்த்தால் இந்தச் சந்தேகம் தீரும். 2007இல் ஹிக்ஸ், ஜிலெட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அதைக் கடன் வாங்கி வாங்கினார்கள். அதே கதை, அதே எதிர்ப்பு. 2010 அக்டோபரில் வழக்கு நீதிமன்றம் வரை போய், கிளப் 30 கோடி பவுண்டுக்குக் கை மாறியது. புதிதாக வந்த ஜான் ஹென்றியின் குழுவும் அமெரிக்கர்கள்தான். ஆனால் வாங்கிய கடனை அவர்கள் கிளப் தலையில் கட்டவில்லை. அவர்களோடும் ரசிகர்களுக்குச் சண்டைகள் வந்தன. ஆனாலும் லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் புதிய கேலரிகள் எழுந்தன, 2020இல் முப்பது வருடம் கழித்து லீக் பட்டமும் வந்தது. கடவுச்சீட்டு பிரச்சினை இல்லை, கடன் பத்திரம்தான் பிரச்சினை.

2021 ஏப்ரல் 18 அன்று வேறொரு குண்டு விழுந்தது. ஐரோப்பாவின் பன்னிரண்டு பெரிய கிளப்புகள் தங்களுக்குள் மட்டும் ஆடும் சூப்பர் லீக்கை அறிவித்தன. ஸ்தாபகர்களுக்கு எவ்வளவு மோசமாக ஆடினாலும் இடம் நிரந்தரம். மால்கம் கிளேசரின் மகன் ஜோயல் கிளேசர் அதன் துணைத் தலைவர்களில் ஒருவர். இரண்டே நாளில் ஆங்கிலக் கிளப்புகள் ஆறும் பின்வாங்கின. ஆனால் யுனைடெட் ரசிகர்களுக்கு அது பதினாறு வருடக் கணக்கு. மே 2 அன்று லிவர்பூலுடன் ஆட்டம் இருந்தது. கொரோனா காலம், அரங்கம் காலி. ரசிகர்கள் உள்ளே புகுந்து புல்தரைக்கே வந்துவிட்டார்கள். ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது. போலீஸ்காரர்கள் காயப்பட்டது வருத்தமான விஷயம், அதை யாரும் நியாயப்படுத்தக் கூடாது. ஆனால் பிரீமியர் லீக் ஆட்டம் ஒன்றை ரசிகர் எதிர்ப்பு நிறுத்தியது உலகம் முழுக்கத் தெரிந்தது.

வேறு வழியே இல்லையா?

ஜெர்மனியில் இருக்கிறது. அங்கே 1998இலிருந்து 50+1 என்ற விதி. ஒரு கிளப்பின் ஓட்டுகளில் பாதிக்கு மேல் ஒன்றாவது உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும். வெளியாள் பணம் போடலாம், ஆனால் தனியாக முடிவெடுக்க முடியாது. லேவர்குசன், வோல்ஃப்ஸ்பர்க் போன்ற ஒன்றிரண்டு விதிவிலக்குகள் உண்டு. 2024 தொடக்கத்தில் லீக்கின் வருமானத்தில் ஒரு பங்கை முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கும் யோசனை வந்தபோது, ரசிகர்கள் வாரா வாரம் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை வீசி ஆட்டத்தை நிறுத்தினார்கள். பிப்ரவரியில் யோசனை கைவிடப்பட்டது. ஜெர்மன் கிளப்புகள் எல்லாம் நன்றாக நடக்கின்றன என்று அர்த்தமில்லை. ஆனால் கிளேசர் செய்த மாதிரியான கடன்வழி வாங்கல் அங்கே கதவுக்கு வெளியிலேயே நின்றுவிடும்.

இங்கிலாந்தும் தாமதமாக அசைந்திருக்கிறது. 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் வந்து, தனி ஒழுங்குமுறை அமைப்பு ஒன்றை உருவாக்கியது. இனி வருகிற முதலாளிகளையும் அவர்களின் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் அது பார்க்கும். 2005இல் நடந்ததை அது திருப்ப முடியாது.

ராட்கிளிஃப் வந்தார்

2024 பிப்ரவரியில் தொழிலதிபர் சர் ஜிம் ராட்கிளிஃப் கிளப்பில் கால் பங்குக்குச் சற்று மேல் வாங்கி, ஃபுட்பால் நிர்வாகத்தைக் கையில் எடுத்தார். மான்செஸ்டர் பக்கத்து ஃபெயில்ஸ்வொர்த்தில் பிறந்தவர், சிறுவயதிலிருந்து யுனைடெட் ரசிகர். நம் ஆள் வந்துவிட்டார் என்று பலர் நம்பினார்கள். அவர் பங்குகளுக்குக் கொடுத்த பணம் விற்றவர்களுக்குப் போனது. அரங்கம் போன்ற அடிப்படை வேலைகளுக்கென்று தனியாக 30 கோடி டாலர் கிளப்புக்கு வந்தது. ஓட்டுப் பெரும்பான்மை இன்னும் கிளேசர் குடும்பத்திடம்.

பிறகு சிக்கனம் தொடங்கியது. 2024இல் சுமார் 250 பேர் வேலை இழந்தார்கள், 2025இல் மேலும் 200 பேர் வரை என்று அறிவிப்பு. ஊழியர்களுக்கு இலவசமாகக் கொடுத்த மதிய சாப்பாடு நின்றது. 2024 நவம்பரில், சீசன் பாதியில், மீதமிருந்த உறுப்பினர் டிக்கெட்டுகளின் விலையை 66 பவுண்டு ஆக்கினார்கள். சிறுவர், முதியோர் சலுகையும் போனது. அதே சமயம் கடன் கணக்கைத் திறந்து பார்த்தால், இருபது வருடம் வட்டி கட்டிய பிறகும் நீண்டகாலக் கடனின் அசல் 65 கோடி டாலர் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

2025 மார்ச் 9, மறுபடி ஆர்சனலுடன் ஆட்டம். கிளப் மெல்லச் செத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லி, தி 1958 என்ற ரசிகர் குழு எல்லோரையும் கறுப்பு உடையில் வரச் சொல்லியிருந்தது. துக்க வீட்டுக்கு வருவதுபோல ஆயிரக்கணக்கானவர்கள் ஊர்வலமாக அரங்கத்துக்கு நடந்தார்கள். ஆட்டம் 1-1.

இரண்டு நாள் கழித்து, மார்ச் 11 அன்று, பழைய அரங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு லட்சம் பேர் உட்காரக்கூடிய புதிய அரங்கம் கட்டப்போவதாகக் கிளப் அறிவித்தது. பெரிய கூடாரம் விரித்த மாதிரி அழகான படங்கள். செலவு சுமார் 200 கோடி பவுண்டு. ஒழுகாத கூரை வேண்டும் என்று இத்தனை வருடம் கேட்டவர்களுக்கு அது சந்தோஷம் தர வேண்டிய செய்தி. ஆனால் படத்தைப் பார்த்து முடித்ததும் அவர்கள் முதலில் கேட்ட கேள்வி, அந்தக் கடன் யார் பெயரில் எழுதப்படும் என்பதுதான்.